புதன்கிழமை, பதிமூன்றாம் தேதி

அந்தக் கடிதத்தைத் தான் எழுதவில்லை என்று அமலிக்கு உறைப்பதற்கு மூன்று நிமிஷம் ஆயிற்று.

1986 மார்ச் 13, வியாழக்கிழமை. காலை ஏழு நாற்பது. கொடைக்கானல் ஏரிக்கு மேலே, ஒரு பழைய பங்களாவில் இயங்கிய பல்கலைக்கழக மலை மையத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. மூன்று நாள் மதுரையில் கூட்டம், கூட்டத்துக்குள் இன்னொரு கூட்டம். திரும்பி வந்தால் மேஜை நிறையத் தபால். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொன்றாகக் கிழித்தாள்.

எட்டாவது உறை, மாணவி வடிவு அனுப்பியது. பூம்பாறை முத்திரை.

உள்ளே ஒரு நேர்முகத் தேர்வு அழைப்பு. சைக்ளோஸ்டைல் செய்த அரைத்தாள். அதன் மேல் சிவப்பு மையில் வடிவின் குண்டு குண்டான கையெழுத்து.

'புதன்கிழமை, 13.3.1986' என்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில், 'பதிமூன்று வியாழக்கிழமை. தவறு எண் 1.' கீழே, 'எந்தெந்தச் சான்றிதழ் என்று சொல்லவில்லை. தவறு எண் 2.' அதற்கும் கீழே, 'இதை எழுதியவருக்கு யாராவது ஒரு காலண்டர் வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். மிஸ், ஊரில் பூண்டு எடுப்பு நடக்கிறது. இந்த ஒரு மாக் இன்டர்வியூவுக்கு மட்டும் நான் வரவில்லை. ஆப்சென்ட் போட்டுக்கொள்ளுங்கள்.'

அமலி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மார்க் நோட்டை எடுத்துப் புரட்டினாள். வடிவின் பெயருக்கு எதிரே அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'விதைக் கம்பெனி, கோவை. அனுப்பவேண்டிய நாள் மார்ச் 17.'

வடிவுக்கு மட்டுமல்ல, யாருக்குமே இந்த மாதக் கடிதம் இன்னும் போகவில்லை.

சிரிப்பு நின்றது.

பட்ட மேற்படிப்பு முடிக்கும் பெண்களை வேலைக்குத் தயார் செய்வது அமலியின் பொறுப்பு. விண்ணப்பம் எழுதுவது, குழுவின் முன்னால் உட்காருவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. பன்னிரண்டு பேர். திட்டம் தொடங்கிய வருஷமே அவள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். மாதம் ஒரு தடவை ஒவ்வொருத்தியின் வீட்டு முகவரிக்கும் ஒரு பொய் அழைப்புக் கடிதம் போகும். அதில் வேண்டுமென்றே இரண்டு தவறு இருக்கும். கண்டுபிடித்துச் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பவேண்டும். பிறகு அந்த நாளில் மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை நேர்முகம். நிஜம்போல இருக்கட்டும் என்று, அவர்கள் உண்மையாகவே விண்ணப்பித்த இடங்களின் பெயரையே போடுவாள். தபால் முத்திரையை வைத்து உளவு பார்த்துவிடக் கூடாதே என்று, ஜீப் டிரைவர் கஸ்பாரிடம் கொடுத்து வத்தலக்குண்டில் ஒன்று, பண்ணைக்காட்டில் ஒன்று என்று போடச் சொல்வாள்.

"வேண்டாத விளையாட்டு," என்று துறைத்தலைவர் ஒருமுறை சொன்னார். அமலி அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது கையில் இருந்தது நிஜம். பண்ணைக்காட்டைத் தாண்டி, தாண்டிக்குடி சாலையில், காப்பி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் மலைப்பயிர் ஆய்வு மையம். ஆய்வு உதவியாளர், ஓர் இடம். நவம்பரில் வடிவு போட்ட விண்ணப்பத்தை அமலியே மூன்று தடவை திருத்தினாள். பூண்டில் வரும் அழுகல் நோய்தான் வடிவின் ஆய்வேடு. அந்த வேலையைத் தொடர இந்த மலையில் வேறு இடமே கிடையாது. இது இல்லையென்றால் ஜூனில் ஒட்டன்சத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட வேலை. மாமா ஏற்பாடு செய்துவிட்டார். "அங்க போனா எனக்கும் பூண்டுக்கும் ரசத்தோட சரி மிஸ்," என்று வடிவு ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

நேரம், காலை பத்து மணி என்றிருந்தது.

தேதி சரியென்றால் இன்று. கிழமை சரியென்றால் நேற்று.

அமலி டெலிபோனை எடுத்தாள். பண்ணைக்காட்டுக்கு ஒரு டிரங்க் கால்.

"லைன் அவுட்டு மேடம்," என்றது எக்ஸ்சேஞ்ச். "பெருமாள்மலைக்குக் கீழ மரம் விழுந்து கெடக்கு. சாயங்காலமாப் பாருங்க."

வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

கஸ்பார் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கஸ்பார் அண்ணே, பூம்பாறை போகணும். அங்கேருந்து பண்ணைக்காடு."

அவர் ஈரத்துணியை நிதானமாகப் பிழிந்தார். "பூம்பாறை மேக்க இருக்கு மிஸ். பண்ணைக்காடு கெழக்க, கீழ. ரெண்டும் ஒரே ரோட்டுலன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"வடிவுக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. நெசமான இன்டர்வியூ."

"நெசமானதுன்னா? நான் போஸ்ட் பண்ணாததா?"

"நீங்க போஸ்ட் பண்ணாதது."

துணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "பிரேக்கு கொஞ்சம் யோசிச்சுத்தான் பிடிக்கும். எறக்கத்துல பேச்சுக் குடுக்காதீங்க."

பூம்பாறை போய்ச் சேர எட்டு நாற்பது. தட்டுத்தட்டாக இறங்கும் வயல்களில் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தலையில் துண்டு கட்டிய ஒருத்தி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வடிவு.

"மிஸ், ஆப்சென்ட்தானே போடச் சொன்னேன். வீட்டுக்கே வந்துட்டீங்க?"

பெண்கள் சிரித்தார்கள்.

"வடிவு, ஜீப்புல ஏறு. அது என் லெட்டர் இல்ல."

"போன மாசமும் இதே மூஞ்சியோடத்தான் வந்தீங்க. 'அவசரம், தேதி மாறிப்போச்சு, கெளம்பு'ன்னு. பதறாம இருந்ததுக்கு அஞ்சு மார்க் தனியாப் போட்டீங்க. இந்தத் தடவையும் பதறல மிஸ். எழுதிக்குங்க."

அமலிக்குப் புரிந்தது. என்ன சொன்னாலும் அது பாடத்தில் ஒரு பகுதியாகத்தான் கேட்கும். அவளே கற்றுக்கொடுத்தது.

பையிலிருந்து மார்க் நோட்டை எடுத்தாள். எந்த மாணவியும் அதுவரை கண்ணால் பார்த்திராத நோட்டு. சேற்றில் இறங்கிப் போய், விரித்து வடிவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வடிவு படித்தாள். கோவை. மார்ச் 17. மேலே பார்த்தாள். மறுபடியும் படித்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்ப அந்தக் காயிதம்..."

"நெசம்."

"நேத்தா மிஸ், இன்னிக்கா?"

"தெரியல."

வரப்பு மேல் கூடையோடு நின்ற வடிவின் தாய் சோலையம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கூடையை இறக்கி வைத்தாள். "டீச்சரம்மா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. பொய்க் காயிதமா எழுதிப் பழக்குனீங்களே. நெசக் காயிதம் வந்தா எப்பிடித் தெரிஞ்சுக்கிறதுன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தீங்களா?"

அமலி மார்க் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"ஆத்தா, சண்டையெல்லாம் அப்புறம்," என்றாள் வடிவு, வயலைத் தாண்டி ஓடிக்கொண்டே. "பச்சைச் சேலையை எடு. சர்டிபிகேட்டு டிரங்குப் பொட்டியில அடியில கெடக்கு."

பதினைந்து நிமிஷத்தில் ஜீப் திரும்பியது.

வடிவு பின்சீட்டில் உட்கார்ந்து, கொண்டை ஊசியால் நகத்துக்குள் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். ஜீப் முழுக்கப் பச்சைப் பூண்டு வாசம். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. அமலி பழக்க தோஷத்தில் திரும்பினாள்.

"உன்னைப் பத்திச் சொல்லுன்னு ஆரம்பிப்பாங்க. அதுக்கு..."

"வேண்டாம் மிஸ். இன்னொரு மாக் பண்ணுனீங்கன்னா இங்கேயே குதிச்சிருவேன்."

கஸ்பார் கியரை மாற்றினார். பிறகு வடிவு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "நேத்தா இருந்திருந்தா, இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரி," என்றாள் அமலி.

"மத்த பதினோரு பேருக்கும் இந்த மாசம் நெசமா ஏதாச்சும் வந்திருந்தா?"

அதுவரை அமலிக்கு அது தோன்றவே இல்லை. விரல் விட்டு எண்ணினாள். ஆத்தூரில் ஒருத்தி, கன்னிவாடியில் ஒருத்தி, பெரியகுளத்தில் இரண்டு பேர். எல்லாரும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெருமாள்மலைக்குக் கீழே நான்கு பஸ், ஏழு லாரி வரிசை. விழுந்த மரத்தை இரண்டு பேர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கஸ்பார் இறங்கிப் போய்ப் பார்த்தார். மரத்தின் நுனிக்கும் மலைச் சுவருக்கும் நடுவே தண்ணீர் ஓடும் சாக்கடைப் பள்ளம்.

"ரெண்டு பேரும் எறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் நில்லுங்க," என்றார். "நான் வந்தா வரேன்."

ஜீப் பாதி பள்ளத்திலும் பாதி சாலையிலுமாகச் சாய்ந்து, கிளைகள் கதவைக் கீற, ஒரு பக்க விளக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. கஸ்பார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "விளக்கு ஒடஞ்சது எப்படின்னு துறைத்தலைவர் கேட்டா, மாக் ஆக்சிடென்ட்டுன்னு சொல்லிருங்க மிஸ்."

ஜீப்பில் ஏறிய பிறகு முதல் தடவையாக வடிவு லேசாகச் சிரித்தாள். அமலி சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆய்வு மையத்துக்குள் ஜீப் நுழைந்தபோது பன்னிரண்டு பத்து.

காப்பித் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டுக் கட்டடம். தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு பெண்கள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபைலைப் பார்த்ததும் அமலிக்கு மூச்சு திரும்பியது. இன்றுதான்.

வாட்ச்மேன் மலைச்சாமி எழுந்து வந்தார். "இன்டர்வியூவா? வெரசா வாங்க. இந்த ரெண்டு பேரும் முடிச்சுட்டு முடிவுக்குக் காத்திருக்காங்க, மூணாவது ஆளு உள்ள இருக்கு. எட்டுப் பேருக்குக் காயிதம் போட்டு மூணு பேருதான் வந்திருக்காங்கன்னு செயலாளர் ஐயா கொதிச்சுப் போய் கெடக்காரு. காயிதத்தைக் குடுங்க. காயிதம் இல்லாம உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு."

அமலி கைப்பையைத் திறக்கப் போனாள். மலைச்சாமி பேசிக்கொண்டே இருந்தார்.

"நேத்து வேற நாலு பேரு வந்து நின்னாங்க, இன்டர்வியூன்னு. ஐயாமாரெல்லாம் நேத்து கன்னிவாடிக்குப் போயிட்டாங்க. ஆபீஸ் பூட்டு. இங்க ஒண்ணும் இல்ல, போங்கன்னு அனுப்பிட்டேன். ஒரு புள்ள தென்காசியிலருந்து வந்துச்சாம்."

"ஐயாகிட்டச் சொன்னீங்களா?"

"எதுக்கு? வேற எங்கியோ போக வேண்டியவங்க தப்பா வந்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

அமலியின் கை பைக்குள்ளேயே நின்றது. நேற்று நாலு. இன்று மூன்று. வடிவோடு எட்டு. உள்ளே இருப்பவர்களுக்கு இது தெரியாது. ஆளே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டில் ஒருத்தியாக வேண்டியவள், நான்கில் ஒருத்தி. அந்தச் சிவப்பு வட்டம் மட்டும் கண்ணில் படாமல் இருந்தால்.

வடிவை ஓரமாக இழுத்தாள். "லெட்டர் தொலஞ்சு போச்சுன்னு சொல்லு. லிஸ்ட்ல பேர் இருக்கு. நான் பேசி உள்ள விடச் சொல்றேன்."

"நேத்து வந்தவங்க?"

"வடிவு, இது உன் வேலை. இந்த ஒண்ணுதான் இருக்கு."

வடிவு பெஞ்சில் இருந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு அமலியை. "நாலு பேரு கிழமையைப் பாத்து வந்தாங்க. மூணு பேரு தேதியைப் பாத்து வந்தாங்க. நான் ரெண்டையும் பாத்துட்டு வராம இருந்தேன். இதுல நான் மட்டும் கெட்டிக்காரியா மிஸ்?"

"அதைப் பேச இப்ப நேரம் இல்ல."

"தப்பைக் கண்டா சிவப்புல குறின்னு சொன்னது நீங்க. நெசத் தப்பா இருந்தா மூடி வையின்னு ஒரு நாளும் சொல்லலையே." கையை நீட்டினாள். "குடுங்க."

கொடுக்காமல் இருக்க அமலியால் முடிந்தது ஐந்தாறு வினாடிதான்.

மூன்றாவது பெண் வெளியே வந்ததும் வடிவை உள்ளே அழைத்தார்கள். செயலாளர் சுப்புராஜ் காப்பித் தோட்டக்காரர். கம்பளிக் கோட்டு, பெரிய மீசை. அவருக்கு இரண்டு பக்கமும் குழுவின் மற்ற இருவர். கடிதத்தைக் கையில் வாங்கியதும் கண்ணாடியை மாட்டினார். அமலி வாசற்படியில் நின்றாள்.

"யாரும்மா இதுல கிறுக்குனது?"

"நான்தான் சார்."

அமலி ஓரடி உள்ளே வைத்தாள். "சார், தப்பு என் மேல..."

"நீங்க யாரு?"

சொன்னாள். பொய்க் கடிதம், இரண்டு தவறு, சிவப்பு மை, வேறு ஊர்த் தபால் முத்திரை. சொல்லச் சொல்ல அது முட்டாள்தனமாகவே கேட்டது. சுப்புராஜ் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கடைசி வரியை ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்.

"'யாராவது ஒரு காலண்டர் வாங்கிக் கொடுத்தால்.' எனக்கா?"

"உங்களுக்குன்னு தெரியாது சார்," என்றாள் வடிவு. "தெரிஞ்சிருந்தா 'மரியாதையுடன்'னு சேத்திருப்பேன்."

குழுவில் ஒருவருக்கு இருமல் வந்தது. சுப்புராஜுக்கு வரவில்லை.

"நேத்து நாலு பேரு வந்து திரும்பிப் போயிருக்காங்க சார். புதன்கிழமைன்னு நம்பி. உங்க வாட்ச்மேனைக் கேளுங்க."

மலைச்சாமி வந்தார். கேட்டார்கள். சொன்னார். பழைய ஸ்டென்சிலை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார்கள். முதலில் பன்னிரண்டு புதன்கிழமை என்றுதான் ஸ்டென்சில் அடித்திருந்தார்கள். கன்னிவாடிக் கூட்டம் குறுக்கே வந்ததும் தேதியை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். கிழமையைத் தொடவில்லை.

சுப்புராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப உன்னையும் சேத்து நாலு பேருல ஒருத்தரை எடுத்தா எனக்கு இன்னிக்கே சோலி முடிஞ்சுரும். தெரியுதா?"

"தெரியுது சார்."

"உனக்கும் அதான் லாபம்."

"தெரியுது சார்." இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். மூத்தவர் தலையை ஆட்டினார். "கேன்சல். எட்டுப் பேருக்கும் புதுசாப் போடு. மார்ச் இருபத்தெட்டு."

"அது பெரிய வெள்ளி சார்," என்றாள் அமலி வாசலிலிருந்து. "லீவு."

சுப்புராஜ் அவளை முறைத்தார். "ஏப்ரல் ரெண்டு. என்ன கிழமை?"

"புதன்," என்றார்கள் அமலியும் வடிவும் ஒரே நேரத்தில். அவர் நம்பாமல், பக்கத்து அறையிலிருந்து காலண்டரைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் தலையசைத்தார்.

டைப்பிஸ்ட் லீவு. அமலி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அடிக்க, வடிவு பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக வாங்கிச் சரிபார்த்தாள். தேதி, கிழமை, நேரம், கொண்டுவரவேண்டிய சான்றிதழ்கள். தென்காசிப் பெண்ணின் முகவரியை இரண்டு தடவை பார்த்தாள்.

கேன்சல் செய்தி தாழ்வாரத்துக்குப் போயிருந்தது. உள்ளே இருந்து வந்த மூன்றாவது பெண் ஜன்னலருகே வந்து நின்றாள். "நல்லா பண்ணுன தாயே. ஏழு கேள்வியில ஆறு சரியாச் சொல்லிட்டு உக்காந்திருந்தேன். இனி மறுபடியும் மொதல்லருந்து."

வடிவு அடுத்த தாளை வாங்கிச் சரிபார்த்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

எட்டும் முடிந்ததும் அமலி இன்னும் பதினோரு தாள் கேட்டு வாங்கினாள். ஆத்தூர், கன்னிவாடி, பெரியகுளம். அவள் மாணவிகளுக்கு. 'இனி நான் பொய் அழைப்பு எதுவும் அனுப்பமாட்டேன். கையில் இருக்கும் கடிதம் எதுவானாலும், எவ்வளவு தவறாக இருந்தாலும், நிஜம் என்று எடுத்துக்கொண்டு உடனே புறப்படவும். பிறகு எனக்குத் தந்தி கொடுக்கவும்.' கீழே முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்திட்டாள். அனுபவித்துச் செய்த ஒரு வேலை நாலு வரியில் முடிந்துபோனது. அதற்காக வருத்தப்படக்கூட அவளுக்கு அப்போது நேரம் இல்லை. தபால் பை இரண்டரைக்குக் கட்டிவிடுவார்கள் என்றார் மலைச்சாமி.

பண்ணைக்காடு போஸ்ட் ஆபீசில் பதினெட்டுக் கடிதம் போட்டார்கள். பத்தொன்பதாவது வடிவின் கையிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. சுப்புராஜ் கையெழுத்துப் போட்டு நீட்டும்போது, "இதுல சிவப்பு பட்டுச்சுன்னா வராதே," என்று மட்டும் சொல்லியிருந்தார். சிரித்தபடி சொன்னாரா, கடிந்து சொன்னாரா என்று வழி முழுக்க அமலி யோசித்துக்கொண்டு வந்தாள்.

ஜீப் ஏற்றத்தில் முனகியது. வடிவு தாளை மடியில் விரித்துப் படித்தாள். முடித்துவிட்டு மேலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியின் கீழும் நகம் நகர்ந்தது.

"என்ன தேடுற?" என்றாள் அமலி.

"ஒண்ணும் இல்ல மிஸ்."

மூன்றாவது தடவையும் படித்தாள். திருத்த எதுவும் இல்லை. சுழிக்க எதுவும் இல்லை. நாள், கிழமை, நேரம், எட்டில் ஒருத்தி. தாளை மடித்துச் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்தாள்.

"கஸ்பார் அண்ணே," என்றாள் வடிவு. "கொஞ்சம் வெரசாப் போங்க. இருபது நாளுதான் இருக்கு."